லேஅவுட் அக்காவின் ஐந்தாவது மேசை

விளிம்புவரை தண்ணீர் நிரப்பிய டம்ளரை ஏந்திக்கொண்டு அக்கா எங்கள் புது ஆபீஸ் அறையின் வாசலிலிருந்து ஜன்னலை நோக்கி நடந்துகொண்டிருந்தார். தரையெங்கும் மேசை அளவுக்கு வெட்டி ஒட்டிய செய்தித்தாள்கள். அவை நகராமலிருக்க எங்கள் செருப்புகள் மூலைக்கு மூலை உட்கார்ந்திருந்தன. இரண்டு தாள்களுக்கு நடுவே இடுப்பை ஒடுக்கித் திரும்பியபோது டம்ளர் தளும்பி ஒரு சொட்டு கீழே விழுந்தது. அப்படியே நின்றுவிட்டார். "இது வழி இல்ல, சந்து" என்றார். குனிந்து ஒரு மேசையைச் செருப்போடு சேர்த்து ஒரு சாண் தள்ளிவிட்டு, டம்ளரை மறுபடி நிரப்பிக்கொண்டு வாசலுக்குப் போனார்.

எங்களுக்கெல்லாம் அவர் லேஅவுட் அக்கா. புத்தகங்களுக்குப் பக்கம் வடிவமைப்பவர். எழுத்து எங்கே தொடங்க வேண்டும், படம் எங்கே உட்கார வேண்டும், ஓரத்தில் எவ்வளவு வெள்ளை விடவேண்டும் என்பதெல்லாம் அவர் முடிவு. காகிதத்தை மிச்சம் பிடிக்க ஓரத்தைக் குறைக்கச் சொல்லும் பதிப்பாளர்களிடம், "அப்போ படிக்கிறவங்க கட்டைவிரலை எங்க வைப்பாங்க?" என்று சாதுவாகக் கேட்பார். அவர்கள் யோசித்து முடிப்பதற்குள் பக்கம் அச்சுக்குப் போயிருக்கும்.

முடித்த பக்கத்தைத் தலைகீழாகப் பிடித்து ஒற்றைக் கண்ணால் பார்ப்பது அவர் வழக்கம். "நேராப் பாத்தா படிச்சிடுவோம். தலைகீழாப் பாத்தாத்தான் கோணல் தெரியும்." அறையைக் கையில் பிடித்துக் கவிழ்க்க முடியாதே. அதனால் தரையில் மல்லாந்து படுத்து, தலையை வாசற்படியில் சாய்த்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டார். அந்த நேரம் பார்த்துத்தான் எங்களோடு அறையைப் பகிர்ந்துகொள்ளும் கணக்காளர் முதன்முதலாக மாடியேறி வந்தார். ஒரு பெண் வாசலில் விழுந்து கிடப்பதைக் கண்டு அவர் சோடா வாங்கக் கீழே ஓட, அக்கா படுத்தபடியே, "ஒண்ணுமில்ல சார், ஆபீஸ் பாக்கறேன்" என்று குரல் கொடுத்தார். சோடா வந்தது. எல்லோரும் குடித்தோம். அதுதான் எங்கள் திறப்பு விழா.

நாங்கள் நான்கு பேர் சேர்ந்து பிடித்த அறை அது. அக்கா, கணக்காளர், கதைகளைக் குரலில் பதிவு செய்யும் ஒரு பெண், மொழிபெயர்ப்பு வேலை பார்க்கும் நான். அதற்குமுன் அங்கே ஒரு பல் மருத்துவர் இருந்தார். சுவரில் கிராம்பு எண்ணெய் வாசம் இன்னும் போகவில்லை. நோயாளியின் நாற்காலி இருந்த இடத்தில், ஜன்னலை ஒட்டி, வாய் அடைத்த தண்ணீர்க் குழாய் ஒன்று தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்கு நீட்டிக்கொண்டிருந்தது. அதை வெட்டினால் கீழ்த்தளத்து சைக்கிள் கடையில் மழை பெய்யும் என்று பிளம்பர் கைவிரித்துவிட்டார். மருத்துவர் இடம் மாறியது தெரியாமல் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களும் உண்டு. அவர்களை உட்காரவைத்து, புது முகவரி எழுதிக் கொடுத்து, "கூட யாராவது வந்திருக்காங்களா?" என்று விசாரித்து அனுப்புவதும் அக்காதான்.

மேசை எங்கே என்பதில் ஆளுக்கொரு நிபந்தனை இருந்தது. கணக்காளருக்கு முதுகுக்குப் பின்னால் யாரும் இருக்கக்கூடாது. "கணக்கு ரகசியம்மா" என்றார். மதியத்தில் கணினியில் சீட்டு விளையாடுவார் என்பது அக்காவுக்கு எப்படியோ தெரிந்திருந்தது. "ரகசியத்துக்குச் சுவரோரம் குடுத்தாச்சு சார். சீட்டுக் கட்டுக்கும் அங்கயே இடம் இருக்கு." கணக்காளர் காது சிவந்தாலும் சுவரோரத்தை விடவில்லை.

எனக்கு ஜன்னல் வேண்டும் என்றேன். "ஜன்னல் வேணும்னா குழாயும் உனக்குத்தான். ரெண்டும் சேந்துதான் வரும்." குழாய் மேசைக்கடியில் போனது. முதல் வாரம் முட்டியில் இடித்துக்கொண்டேன். இப்போது அதன் தலையில் கால் வைத்துக்கொள்ளாமல் எனக்கு ஒரு வாக்கியமும் ஓடுவதில்லை.

குரல்பெண்ணுக்கு நிசப்தம் வேண்டும். எக்ஸ்ரே எடுக்க மருத்துவர் கட்டிய குட்டி அறை ஒன்று மூலையில் இருந்தது. கனத்த கதவு. அதைத் தட்டுமுட்டுச் சாமான் போடும் அறையாக்கலாம் என்று நாங்கள் ஒருமனதாக முடிவெடுத்திருந்தோம். அக்கா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஏதோ கத்தினார். வெளியே வந்து, "கேட்டுதா?" என்றார். இல்லை என்றோம். "உங்களைத்தான் திட்டினேன். இந்த ரூம் அவளுக்கு."

டம்ளரோடு நடந்த அன்று புழுக்கம் தாங்காமல் குரல்பெண் மின்விசிறியைப் போட்டுவிட்டாள். செருப்பு வைக்காத தாள் ஒன்று எழுந்து பறந்து என் முகத்தில் அப்பியது. அதை எடுத்துப் பார்த்தபோதுதான் உறைத்தது. குரல்பெண்ணுக்குத் தனியறை கிடைத்துவிட்டது, மற்ற மூவருக்கும் தரையில் தாள் இருக்கிறது. இது யாருக்கு?

"தண்ணி கேன் வைக்க" என்றார் அக்கா.

"தண்ணி கேனுக்கு நாற்காலி எதுக்கு?" என்றார் கணக்காளர். தாளில் நாற்காலிக்கும் வட்டம் போட்டிருந்தது.

அக்கா தாளை வாங்கி, சுருக்கத்தை நீவிவிட்டுச் சொன்னார். அவருக்கு ஒரு தங்கை. வெளியூர்ப் பயணங்களுக்குச் சீட்டு எடுத்துக் கொடுக்கும் தொழில். நாள் முழுக்க தொலைபேசி, அதுவும் எதிர்முனையில் இருப்பவருக்குத் தொலைபேசியே தேவைப்படாத குரலில். முன்பு அக்காளும் தங்கையும் ஒரே அறையில் வேலை பார்த்தார்கள். ஒருநாள் தங்கை விடுப்பில் இருந்தபோது, அக்கா இரண்டு மேசைகளுக்கும் நடுவே ஒரு இரும்பு பீரோவை நிறுத்திவிட்டார். கதவு தன் பக்கம், முதுகு தங்கை பக்கம்.

"காலைல வந்தா. பீரோ முதுகைப் பாத்தா. ஒரு வார்த்தை பேசல. பையை எடுத்துக்கிட்டுப் போயிட்டா. அவ பேசாம இருந்து நான் பாத்தது அன்னிக்குத்தான்."

அதன்பிறகு வீட்டு விசேஷங்களில் சாப்பிட்டாயா என்று கேட்டுக்கொள்வதோடு சரி. இப்போது தங்கை வீட்டுப் படுக்கையறையில் கட்டில்மேல் உட்கார்ந்து தொழில் நடத்துவதாகக் கேள்வி. "கூப்பிடணும். எப்படிக் கூப்பிடறதுன்னுதான் தெரியல. ரூமை ஒழுங்கு பண்ணிட்டா வார்த்தை வந்துடும்னு பாத்தேன். ரூம் வந்துடுச்சு."

"போன் பண்ணி ஒரு டிக்கெட் கேளுங்க" என்றாள் குரல்பெண்.

எங்கள் எதிரிலேயே போன் போட்டார். தங்கையின் குரல் எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

"எங்க போகணும்?"

"எங்கயாவது."

"எங்கயாவதுக்கு டிக்கெட் கிடையாது. யாரெல்லாம் போறீங்க?"

"யாரும் போகல. நீதான் வரணும்." அக்கா தாளின் சுருக்கத்தை இன்னொரு தரம் நீவினார். "புது ரூம் பிடிச்சிருக்கோம். சும்மா வந்து பாத்துட்டுப் போ."

"பீரோ இருக்கா?"

"பீரோவே வாங்கல. அலமாரி எதுவும் இடுப்புக்கு மேல கிடையாது."

"யார் இடுப்பு? உன் இடுப்பா, என் இடுப்பா?"

"உன் இடுப்புடி. நீதானே குள்ளம்."

மறுமுனையில் சிரிப்பா இருமலா என்று தெரியாத ஒரு சத்தம் வந்து இணைப்பு அறுந்தது.

நிஜ மேசைகள் வந்திறங்கின. எலக்ட்ரீஷியன் ஒவ்வொரு மேசையடியிலும் பிளக் பாயின்ட் அடித்துவிட்டுப் போனார். ஐந்தாவது மேசையை அக்கா எதிர்ச்சுவரைப் பார்க்கப் போட்டிருந்தார், தன் முதுகும் தங்கையின் முதுகும் எதிரெதிரே இருக்கும்படி. "அவ சுதந்திரமா பேசட்டும். நான் பாக்கறேன்னு இருக்கக்கூடாது" என்றார். அன்று முழுக்க அந்த மேசையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். படிக்கட்டில் காலடி கேட்டால் போதும், நிமிர்வார். வந்தவர்களில் இருவருக்குப் பல்வலி.

தங்கை அடுத்த வாரம் வந்தார். எங்களுக்கு வணக்கம் சொன்னபோதே மேசைமேலிருந்த பேனாக்கள் அதிர்ந்த மாதிரி இருந்தது. குள்ளம்தான். அக்காளைப் பார்த்துத் தலையசைத்தார். கைப்பையை ஐந்தாவது மேசையில் வைத்து, உட்கார்ந்து, டிராயரைத் திறந்து மூடிப் பார்த்தார். அதற்குள் அவர் போன் அடித்தது. யாரோ ஒருவருக்கு ஜன்னலோர இருக்கை கிடைத்துவிட்டதை எங்கள் தெரு முழுவதும் தெரிந்துகொண்டது. கணக்காளர் கூட்டிக்கொண்டிருந்த தொகையை முதலிலிருந்து தொடங்கினார். மூலை அறையிலிருந்து மட்டும் எந்த அசைவும் இல்லை. அங்கே குரல்பெண் நிம்மதியாக ஒரு ராஜகுமாரனைக் காட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தாள்.

அக்கா தன் திரையைப் பார்த்தபடி இருந்தார். ஆனால் விசைப்பலகையில் கை நகரவில்லை.

தங்கை பேசி முடித்தார். நாற்காலியோடு திரும்பி அக்காவின் முதுகைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது சரிப்படாது" என்றார்.

அக்கா திரும்பவில்லை. "சத்தம்னா பரவாயில்ல. எங்களுக்குப் பழகிடும்."

"சத்தத்தை யார் சொன்னா? நான் சுவரைப் பாத்து உக்காந்து யார்கிட்ட பேசறது? போன்ல ஒருத்தன் கழுத்தறுத்தான்னா, வெச்சதும் ஒரு மூஞ்சியைப் பாத்து ரெண்டு வார்த்தை திட்டணும். உன் மூஞ்சி இந்தப் பக்கம் இருக்கணும். ரெண்டு மேசையையும் திருப்பிப் போடு."

திருப்பினால் பிளக் எட்டாது. கணக்காளரின் நாற்காலி இடிக்கும். இத்தனை நாள் பார்த்துப் பார்த்துச் செய்த வழி அடைபடும். நான் அக்காவைப் பார்த்தேன். கணக்காளரும் பார்த்தார். தங்கை அதற்குள் எழுந்து தன் மேசையின் ஒரு முனையைப் பிடித்துத் தனியாக இழுக்க ஆரம்பித்திருந்தார்.

அக்கா கண்ணாடியைக் கழற்றி வைத்தார். எழுந்து போய், மேசையின் மறுமுனையைத் தூக்கினார்.