பதினோராம் பாட்டு முடியும்வரை

எங்கள் ஊர்ப் பக்கத்து மேல்நிலைப் பள்ளியில் நர்சிங் படிக்கும் மாணவியர், தம் தொழிலில் எதிர்ப்படும் ஓர் அறச்சிக்கலை ஆராய்ந்து எழுதி, அவையில் வாசிப்பது வழக்கம். மதிப்பெண் இடும் மூவரில் நானும் ஒருவன். கடவுள் வாழ்த்துப் பாடுவதற்கு ஆண்டுதோறும் என் நண்பரை உடன் அழைத்துச் செல்வேன். சிவன் சந்நிதியில் நெடுங்காலமாக நாங்கள் இருவரும் சேர்ந்து பதிகம் ஓதி வருகிறோம்.

இவ்வாண்டு அவர் பாடி முடித்து முன்வரிசையில் அமர்ந்த பிறகே முதல் கட்டுரையைப் பிரித்தேன். ஆவூர்ப் பக்கத்துக் கிறித்தவப் பெண் ஒருத்தி எழுதியது. குணமாகாத நோயை நோயாளியிடம் சொல்ல வேண்டாமென்று பிள்ளைகள் கேட்டுக்கொண்டால், செவிலி என்ன செய்வது என்பது அவள் கேள்வி. பெயர் எழுதவில்லை, ஊரையும் வயதையும் மாற்றியிருந்தாள். ஆயினும் ஒரு வரி நின்றுவிட்டது. பதிகத்தின் பதினொரு பாட்டும் முடியும்வரை அந்தப் பெரியவர் மாத்திரையை வாங்க மாட்டார் என்றும், பயிற்சிக்குப் போகும் ஆஸ்பத்திரியில் அதுவரை அதைக் கையில் வைத்துக்கொண்டு தான் நிற்பதாகவும் எழுதியிருந்தாள்.

அப்படிச் செய்கிறவர் இவ்வட்டாரத்தில் ஒருவரே. என் நண்பர். எதிரே அமர்ந்து கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் நோயை அவரிடம் சொல்ல வேண்டாமென்று அவர் மகன்கள் கேட்டபோது நானும் தலையசைத்திருந்தேன்.

கடவுள் வாழ்த்து முடிந்த பிறகே வந்து பின்வரிசையில் அமர்ந்திருந்த அவளைத் தாழ்வாரத்துக்கு அழைத்தேன்.

“அந்தப் பாட்டு வரிய விட்டுட்டு வாசிம்மா. அவரு உள்ளதான் உக்காந்திருக்காரு.”

எட்டிப் பார்த்தவளின் முகம் வெளுத்தது. “ஒங்க கோயில் பெரியவங்க எல்லாருமே பாடி முடிச்சுட்டுத்தான் மாத்திரை போடுவாங்கன்னு நெனச்சேங்கய்யா.”

“இல்லம்மா. அவரு ஒருத்தர்தான்.”

தாளை இரண்டாக மடித்தாள். “மறைக்கலாமான்னு கேட்டு எழுதிட்டு, இப்ப நானே மறைக்கணுமாங்கய்யா?”

“இன்னைக்கு மட்டும்” என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

வாசித்தாள். அந்த இடம் வந்ததும் தடுமாறி, வரியைத் தாண்டி, என்னைப் பார்த்தாள். அவள் பார்வை போன வழியே நண்பரும் திரும்பி என்னைப் பார்த்தார்.

நண்பகல் வெயிலில் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தோம். நிழலில் நின்றதும் நண்பர் சொன்னார்.

“ஆஸ்பத்திரியில மாத்திரை குடுக்கிற புள்ள மாஸ்க்கு போட்டிருக்கும், மொகம் தெரியாது. கொரல் அதேதான்யா. ‘இன்னும் எத்தனை பாட்டு தாத்தா’ன்னு கேட்டுக்கிட்டே நிக்கும்.”

“ஆமா. அந்தப் புள்ளதான்.”

“அப்ப அது படிச்சதுல வந்த ஆளு நான்தானா?”

மகன்களுக்குச் சொன்ன சொல் ஒருபுறம் நின்றது. அவருடன் சேர்ந்து ஓதிய பாட்டுகள் மறுபுறம் நின்றன. சொல்லிவிடுவதென்று வாயைத் திறந்தேன். அவர் கையை உயர்த்தித் தடுத்தார்.

“செத்த இருய்யா. ஓதி முடிச்சுக்கிறேன்.”

கண்ணை மூடித் தொடங்கினார். ஒரு பாட்டையும் விரைவுபடுத்தவில்லை. ஆலங்குடி பஸ் வந்து நின்றது. நடத்துநர் எங்களைப் பார்த்துவிட்டு விசில் ஊதினார். அந்தப் பெண் மாத்திரையோடு நின்றது போல, அந்தச் செய்தியோடு நான் நின்றேன்.

பதினோராம் பாட்டு முடிந்தது. திருநீற்று நெற்றியைத் துண்டால் ஒற்றிக்கொண்டு, என் பக்கம் திரும்பினார்.

“இப்பச் சொல்லு.”

சொன்னேன்.