பதினொரு நொடி

அச்சகத்தில் அவரை எல்லோரும் லேபிள்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். சோப்பு உறை, தீப்பெட்டி, தகர டப்பா என்று முப்பது வருடமாக லேபிள் அடிப்பவர். நிறம் விலகிப்போன தாள்களை மற்றவர்கள் குப்பையில் போடுவார்கள். இவர் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வார். பின்பக்கம் கவிதை எழுதத்தான். நிலா, நதி பக்கமெல்லாம் அவர் போனதே இல்லை. ஒரே முகம் நான்கு நிறத்தில் திரும்பத் திரும்ப வரும் சோப்பு உறையும், ஊத்திக்கொண்ட ஒரு சினிமாவும் போதும் அவருக்கு.

அந்தப் படம் ஐந்தே நாளில் தியேட்டரை விட்டு ஓடியது. ஆனால் அதற்கென்று லேபிள்காரரையும் அவர் மனைவியையும் சேர்த்து முப்பது கிறுக்குகள் சேர்ந்துவிட்டார்கள். வருடத்துக்கு ஒருமுறை, ஞாயிறு காலையில், ஒரு பழைய தியேட்டரில் அதைப் போடச் சொல்லி, திரையோடு சேர்ந்து வசனத்தையும் ஒப்பிப்பார்கள். ரயில் நிலையக் கட்டத்தில் மட்டும் பதினொரு நொடி ஒலி கிடையாது, பிரதி கெட்டுப்போயிருந்தது. நாயகியின் வாய் அசையும், அவ்வளவுதான். அங்கே ஆளுக்கொரு வசனம் போட்டுப் பார்த்தார்கள். லேபிள்காரரின் மனைவி ஒருமுறை போகிற போக்கில் ஒரு வரி சொன்னாள். உதட்டுக்கு அப்படிப் பொருந்தியது. மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். பிறகு வருடா வருடம் அந்த இடம் அவளுடையதுதான்.

அவள் போய்ச் சேர்ந்து ஐந்து வருடம். ஐந்து வருடமும் அந்த இடத்தில் ஒருவரும் மூச்சுவிடவில்லை. லேபிள்காரரும் சொல்லவில்லை, வீட்டில் உட்கார்ந்து எழுதினார். அவள் முகத்தை நான்கு நிறத்தில் அச்சடித்து, ஒவ்வொன்றின் கீழும் அவள் வரியைப் போட்டார். எழுதுகிறவன் கை சும்மா இருக்குமா? முகத்துக்கு முகம் ஒரு சொல்லை மாற்றினார், ஒன்றை எடுத்தார், சந்தம் இடித்த இடத்தைச் செதுக்கினார். அது சின்னப் புத்தகமாகவும் வந்தது.

இந்த வருடம் ஒரு செய்தி கிடைத்தது. ஒலி கெடாத நல்ல பிரதி ஒன்று கிடைத்துவிட்டதாம். அடுத்த முறை நாயகியே பேசிவிடுவாள். மனைவிக்கென்று மிச்சமிருந்த ஓரிடமும் போகிறது. கடைசியாக ஒருமுறை, அவள் சொன்ன மாதிரியே, தானே வாய்விட்டுச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டு போனார்.

திரையில் ரயில் நின்றது. ஒலி அறுந்தது. அவர் வாயைத் திறப்பதற்குள் மற்ற எல்லோரும் எழுந்து நின்றார்கள். அவருக்குத் தெரியாமல் ஒத்திகை பார்த்திருக்கிறார்கள், பாவிகள்.

“பசியோடு போகாதே, பாதை நீளும்.”

ஒரே குரலாக, அழகாகத்தான் சொன்னார்கள். அது லேபிள்காரர் செதுக்கிய வரி. அவரைப் பார்த்து ஒருநாளாவது ‘போகாதே’ என்று ஒருமையில் சொன்னவளா அவள்? பாதையாவது, நீளுவதாவது. சாப்பிடுவதைப் பற்றி ஏதோ சாதாரணமாகச் சொன்னாள். ‘சாப்பிட்டுட்டுப் போனா என்ன’ என்றா? ‘ஒரு வாய் சாப்பிட்டாவது போங்க’ என்றா? நான்கு முகத்துக்கும் நான்கு வரி எழுதி வைத்திருந்தார். நான்கில் ஒன்றுகூட அது இல்லை.

பக்கத்தில் நின்ற தையல்காரரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அவ நெஜமா என்ன சொன்னான்னு உனக்கு ஞாபகம் இருக்கா?”

“இதேதானே அண்ணே அண்ணி சொன்னாங்க. உங்க புத்தகத்துலயே இருக்கே.”

லேபிள்காரர் கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். மனசு நிறைந்துபோய் அழுகிறார் என்று நினைத்து எல்லோரும் கைதட்டினார்கள்.