நோகாத முகம்

வேகத்தடை கண்ணில் பட்டதும் மகேசன் முதலில் வானொலியை நிறுத்துவார். பிறகு காலைத் தளர்த்தி, காரை ஊரவிட்டு, "வருது, பிடிச்சுக்கொள்ளும்" என்பார். முன்சக்கரங்கள் ஏறி இறங்கும்போது கீழே எங்கோ 'டொக்' என்று ஒரு சத்தம் கேட்கும். உடனே பக்கத்து இருக்கையில் இருக்கும் மனைவி இந்திராவின் முகத்தை ஒருமுறை பார்த்துவிடுவார்.

"நொந்ததோ?"

"இல்லை."

ஹவுகெட்டோ என்ற குளிர்நாட்டுப் புறநகரில், அவர்கள் வீட்டிலிருந்து பெரிய வீதிக்குப் போவதற்குள் இப்படிப் பல மேடுகள். பனி உருகிய பிறகு தாரில் விழுந்த பள்ளங்கள் வேறு. எல்லாவற்றிலும் இதே கேள்வி, இதே பதில். பின்னால் வருகிறவர்கள் பொறுமையிழந்து விளக்கை அடித்துக் காட்டினால் மகேசன் கையைத் தூக்கி மன்னிப்புக் கேட்பார். வேகத்தை மட்டும் கூட்டமாட்டார்.

அவருக்கு மருந்துக் களஞ்சியமொன்றில் வேலை. பெட்டியை அடுக்கிவிட்டுத் திரும்பிப் போய் லேபிளை இன்னொருமுறை படிப்பார். வீட்டைப் பூட்டியபின் கதவை இழுத்துப் பார்ப்பார். லிஃப்டில் இறங்கியவர் மறுபடி ஏறிவந்தும் இழுத்துப் பார்ப்பார். "எதுக்கும் ஒருக்கால் பாப்பம்" என்பது அவருடைய வாயில் எப்போதும் கிடக்கும் வசனம். போன இலையுதிர்காலத்தில் இந்திராவுக்கு முதுகில் அறுவைச் சிகிச்சை நடந்தபின் அந்த வசனம் இரட்டிப்பாகிவிட்டது. எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார் மருத்துவர். ஆனால் வலி முழுதாக விட்டுப் போகவில்லை.

காரை எல்லிங்ஸ்ருட்டில் கார் திருத்தகம் வைத்திருக்கும் இளங்கோவிடம் காட்டினார். இளங்கோ கோயம்புத்தூர்க்காரர். காரைத் தூக்கி, விளக்கை அடித்து, நிதானமாகப் பார்த்தார்.

"ரப்பரெல்லாம் காஞ்சு வெடிச்சிருக்கு சார். ஷாக் அப்சார்பர் தளர்ந்துபோச்சு. ஆனா ஆபத்து இல்ல, டெஸ்ட்ல பாஸாயிடும். அடிப்பக்கம் பாருங்க, ரோட்டு உப்புல துரு ஏறியிருக்கு. இன்னும் ரெண்டு குளிர்காலம் தாங்குனா பெருசு. இந்த வண்டிக்கு மாத்தணுமா, நீங்களே சொல்லுங்க."

"மாத்தினால் குலுக்கம் நிக்குமோ?"

"குறையும் சார்."

"குறையும் எண்டால்... எவ்வளவு குறையும்?"

இளங்கோ சிரித்தார். மகேசன் சிரிக்கவில்லை. "யோசிச்சுச் சொல்லுறன்" என்று வந்துவிட்டார்.

வாரக்கணக்காக யோசித்தார். ஏன் இன்னும் மாற்றவில்லை என்று கேட்டவர்களிடமெல்லாம், துரு ஏறிய காருக்குப் புது உறுப்பு எதற்கு என்றார். ஆனால் உள்ளே இருந்த பயம் வேறு. மாற்றிய பிறகும் இந்திரா நெற்றியைச் சுருக்கினால்? இன்றைக்குப் பழி காரின் மேல் கிடக்கிறது. காரைச் சரிசெய்துவிட்டால் பழிபோட அவளுடைய முதுகுதான் மிஞ்சும். அந்தப் பழைய 'டொக்' சத்தம் இருக்கும்வரை ஏதோ ஒரு நம்பிக்கையும் இருந்தது.

ஒருநாள் வேலை முன்னதாக முடிந்து வந்துகொண்டிருந்தபோது, ஹவுகெட்டோ நிலையத்தடியில் பஸ்ஸிலிருந்து இந்திரா இறங்குவதைக் கண்டார். கம்பியைப் பிடித்து, ஒரு காலை வைத்து, பிறகு மற்றக் காலை. உடற்பயிற்சிச் சிகிச்சை அடுத்த வாரந்தான் என்று சொல்லியிருந்தவள். காரை ஓரங்கட்டி ஓடிப்போனார்.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை? நான் ஏத்திக்கொண்டு போயிருப்பனே. பஸ் குலுக்காதோ?"

"குலுக்கும்தான்."

"அப்ப?"

இந்திரா மூச்சு வாங்கினாள். "நோகிறது நோகட்டும். நோகேல்லை எண்டு முகத்தை வைச்சிருக்கிறதுதான் என்னாலை ஏலாமல் கிடக்கு. ஒவ்வொரு மேட்டுக்கும் நீங்கள் திரும்பிப் பாக்கிறியள். பஸ்ஸிலை ஒருத்தரும் என்னைப் பாக்கிறேல்லை. நொந்தால் பேசாமல் முகத்தைச் சுழிப்பன்."

மகேசன் அவளுடைய பையை வாங்கிக்கொண்டார். அவளை ஏற்றிக்கொண்டு வீட்டடிக்கு வந்தார். கார் நின்றதும் இருந்த இடத்திலேயே இளங்கோவைத் தொலைபேசியில் அழைத்தார்.

"தம்பி, எல்லாத்தையும் மாத்தும். ஓம், நாலு பக்கமும்."

புது உறுப்புகளோடு அவர்கள் முதலில் போனது அம்மருட்டில் ஒரு கலியாண வீட்டுக்கு. நேரம் பிந்திவிட்டது. மகேசன் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தார். சட்டைக்குள் வேர்த்தது. பக்கத்தில் என்ன நடக்கிறதென்று அறியக் கண் துடித்தது. கழுத்து விறைக்க நேரே பார்த்துக்கொண்டு ஓட்டினார்.

முதலாவது மேடு தெரிந்தது. இந்திரா தலைக்கு மேலிருந்த வெயில் மறைப்பை இறக்கி, அதிலிருந்த சிறு கண்ணாடியில் முகம் பார்த்தாள். கைப்பையிலிருந்து மைப்பென்சிலை எடுத்து மூடியைக் கழற்றினாள். இடக்கண்ணின் கீழிமையை விரலால் மெல்ல இழுத்து, கோட்டைத் தொடங்கினாள். சக்கரங்கள் ஏறின, இறங்கின. கோடு பிசகாமல் கண்ணின் ஓரம்வரை போய் நின்றது. மற்றக் கண்ணுக்கும் போட அவள் கண்ணாடிக்கு இன்னும் கிட்டக் குனிந்தாள்.