மூளிக் கப்பு வளைவு

பஞ்சர் ஒட்டுகிற சொல்யூஷனின் வாசனை உங்களுக்குப் பிடிக்குமா? எனக்குப் பிடிக்கும். வெளியே சொன்னால் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள் என்று இத்தனை வருஷமாக யாரிடமும் சொன்னதில்லை, உங்களிடம் சொல்கிறேன். போன வாரம் மாத்திரை வாங்கப் போனபோது பாலக்கரைப் பக்கம் ஒரு சந்து முனையில் அந்த வாசனை மூக்கில் ஏறியது. திரும்பிப் பார்த்தால் ஒரு பழைய சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு, டியூபை உருவித் தண்ணீர்ச் சட்டியில் முக்கி, குமிழி எங்கே வருகிறதென்று ஒருத்தர் பார்த்துக்கொண்டிருந்தார். மாத்திரையை மறந்து அங்கேயே நின்றுவிட்டேன். என்ன வேண்டும் என்று கேட்டார். "ஒண்ணும் வேணாம், சும்மா நிக்கிறேன்" என்றேன். வெயில் மண்டையில் ஏறிவிட்டது இந்தம்மாவுக்கு என்று நினைத்திருப்பார். நினைத்துக்கொள்ளட்டும்.

அந்த வாசனைக்குப் பின்னாலேயே எனக்குச் சங்குச் சத்தம் வந்துவிடும். எழுபதுகளின் தொடக்கத்தில், விருத்தாசலத்தில் பீங்கான் ஆலைச் சங்கு ஊதியதும் ரோடே தெரியாது, சைக்கிள்தான் தெரியும். லாரிக்காரர்கள்கூட ஓரமாக நிறுத்திவிட்டு பீடி பற்ற வைப்பார்கள். அந்தக் கூட்டத்தில் சைக்கிள் ஓட்டிய பெண்கள் நானும் பிலோமினாவும்தான். அவள் என் பக்கத்து மேஜைக்காரி. பயம் என்பதை எங்கேயோ கழற்றி வைத்துவிட்டு வந்தவள். என் சைக்கிள் கருவேப்பிலங்குறிச்சி மாமா ஓட்டி ஓய்ந்த ஆம்பளை சைக்கிள், நடுவில் பார் வைத்தது. தாவணியை இழுத்துச் செருகிக்கொண்டு, ஏதாவது ஒரு கல்லைத் தேடி அதன் மேல் காலை வைத்துத்தான் ஏறுவேன். கல் இல்லாத இடத்தில் இறங்கிவிட்டால் கல் இருக்கும் இடம்வரை தள்ளிக்கொண்டு போக வேண்டியதுதான்.

எனக்கு ஆலையில் கைப்பிடி ஒட்டுகிற வேலை. கப்பு தனியாக வரும், கைப்பிடி தனியாக வரும். இரண்டும் ஈரமாக இருக்கும்போதே கைப்பிடியின் இரண்டு நுனியிலும் மண்கூழைத் தொட்டு வைத்து ஒட்ட வேண்டும். கொஞ்சம் அசிரத்தையாக ஒட்டினாலும் சூளைக்குள் கழன்றுவிடும். அப்படிக் கைப்பிடி போன கப்புக்கு மூளிக் கப்பு என்று பேர். சேர்ந்த புதிதில் என் கையால் பிறந்தவை பெரும்பாலும் மூளிகள்தான். சூப்பர்வைசர் ஒருநாள் என் மேஜைக்கு வந்து, "ஏம்மா, இங்க கப்பு செய்யச் சொன்னா நீ கிண்ணமா செஞ்சுகிட்டிருக்கே?" என்று கேட்டார். பிலோமினா சிரித்த சிரிப்பில் அவள் கையிலிருந்ததும் மூளியாகிவிட்டது.

வீணானவற்றை ஆலைக்குப் பின்னால் மலைபோலக் கொட்டி வைத்திருப்பார்கள். யார் வேண்டுமானாலும் அள்ளிக்கொண்டு போகலாம். எங்கள் ஊரில் வீடு கட்ட வானம் தோண்டினால் அடியில் பீங்கான் சில்லு, எலி வளை தோண்டினால் அதில் பீங்கான் சில்லு, துணி துவைக்கிற இடம் சேறானால் அதிலும் சில்லு. பள்ளம் என்று ஒன்றைக் கண்ணால் பார்த்துவிட்டால் அதில் சில்லைக் கொட்டாமல் எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தூக்கம் வராது. இந்தப் பழக்கம்தான் எங்களைச் சந்தி சிரிக்க வைத்தது. வருகிறேன், அதற்கு முன்னால் அப்பாவைச் சொல்ல வேண்டும்.

அப்பா ரயில்வே கேட் கீப்பர். கேட்டைத் திறந்ததும் சைக்கிளில் அவசரமாகத் தண்டவாளத்தைச் சாய்வாகக் கடக்கிறவர்களின் முன்சக்கரம் இடுக்கில் மாட்டிக்கொள்ளும், ஆள் தலைகுப்புற விழுவார். விழுந்தவரைத் தூக்கி உட்கார வைத்துத் தண்ணீர் கொடுப்பது அப்பாவின் சம்பளத்தில் சேராத வேலை. மற்ற வீடுகளில் ராத்திரி சோற்றோடு ஊர்க்கதை பேசுவார்கள், எங்கள் வீட்டில் அன்றைக்கு யார் விழுந்தார் என்ற செய்தி.

"இன்னிக்கி ஸ்ரீமுஷ்ணத்துக்காரரு ஒருத்தரு. தயிர்ப்பானையோட."

"அய்யய்யோ, பானை ஒடஞ்சிருச்சா?" என்பாள் அம்மா.

இப்படி ஒவ்வொரு நாளும் விழுகிறவர்களையே பார்த்துக்கொண்டிருந்த மனிதருக்கு மகள் சைக்கிளில் போகிறாள் என்றால் அவளும் ஒருநாள் அந்தச் செய்தியில் வந்துவிடுவாள் என்று தோன்றாதா? பெண்பிள்ளை சைக்கிள் ஓட்டக் கூடாது என்கிற ரகமில்லை அவர். பயம், வெறும் பயம். அது எனக்கு அப்போது புரியவில்லை, கண்டிப்பு என்று நினைத்துக்கொண்டு முறைப்பேன். தண்டவாளத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போவேன் என்று சத்தியம் வாங்கிக்கொண்ட பிறகுதான் விட்டார். சைக்கிள் இல்லாவிட்டால் வேலை இல்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும். வீடு ஊரின் ஒரு கோடி, ஆலை மறு கோடி. சங்கு ஊதி நாங்கள் வெளியே வருவதற்குள் டவுன் பஸ் போயிருக்கும்.

ஆலைக்கும் கேட்டுக்கும் நடுவில் ஒரு வளைவு. ஒரு பக்கம் வாய்க்கால். மழைக்கு மழை ரோட்டின் ஓரத்தை வாய்க்கால் தின்றுகொண்டே வந்து, வளைவின் மூக்கில் ஒரு பள்ளம் விழுந்திருந்தது. மார்கழியில் நாங்கள் திரும்புகிற நேரம் இருட்டிவிடும். எதிரே சேத்தியாத்தோப்புப் பக்கம் போகும் கரும்பு மாட்டுவண்டிகள் வரும். டைனமோ விளக்கு எரிந்த சைக்கிளை ஓட்டியவர்களுக்குத் தெரியும், வேகமாக மிதித்தால்தான் வெளிச்சம். மெதுவாகப் போனால் மங்கிவிடும். வளைவில் வேகமாகப் போனால் வண்டியில் மோத வேண்டும், மெதுவாகப் போனால் கண் தெரியாமல் வாய்க்காலில் இறங்க வேண்டும். இந்த விளக்கைக் கண்டுபிடித்தவர் எங்கள் வளைவுக்கு வந்ததில்லை போலிருக்கிறது.

ஒரு சாயங்காலம் பிலோமினா இறங்கிவிட்டாள். வண்டிக்கு வழிவிட ஒதுங்கியவள் பள்ளத்தில் சக்கரத்தை விட்டு, சைக்கிளோடு வாய்க்காலுக்குள். மணிக்கட்டு பிசகிக் கட்டுப் போட்டார்கள். கேட்டில் நின்ற அப்பாவுக்கு நான் போய்ச் சேருவதற்கு முன்பே செய்தி போய்விட்டது. அன்று ராத்திரி சோற்றில் கை வைக்காமல் சொன்னார்: "போதும்மா. நாளைலேருந்து வூட்ல இரு."

நான் அழுதேன், கத்தினேன், சாப்பிட மாட்டேன் என்றேன். அம்மாதான் நடுவில் வந்தாள்.

"கொளஞ்சியப்பருகிட்ட ஒரு பிராது கட்டிட்டா சரியாப் போயிடும்."

"யாரு மேல பிராது?" என்றார் அப்பா.

"ரோட்டு மேலதான்!"

எங்கள் பக்கத்தில் களவு போனால், யாராவது ஏமாற்றினால், மணவாளநல்லூர் கொளஞ்சியப்பரிடம் மனு எழுதிக் கட்டிவிட்டு வருவது வழக்கம். ரோட்டின் மேல் பிராது கட்ட நினைத்தவள் எனக்குத் தெரிந்து என் அம்மா ஒருத்திதான். அப்பாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த வாயோடு என் பக்கம் திரும்பி, "ஒரு வாரம் பாக்கறேன். அந்த வளைவு சரியாவுலன்னா நீ வேலய வுட்டுடணும்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், எங்கள் பிரிவுப் பெண்கள் எல்லோரும் கூடையோடு கிளம்பினோம். பள்ளத்தை அடைக்க வேண்டும். எதைப் போட்டு அடைப்பது என்று ஒருத்திக்கும் சந்தேகமே வரவில்லை பாருங்கள். கூடை கூடையாகப் பீங்கான் சில்லை அள்ளி வந்து கொட்டி, மேலே மண்ணைப் போட்டு மிதித்து, தண்ணீர் தெளித்து, கல்யாண வீட்டு வாசல் மாதிரி மெழுகி வைத்துவிட்டு வந்தோம். ரோடு போடுகிறவர்களுக்கு இந்த நேர்த்தி வருமா என்று பெருமை வேறு.

ராத்திரி போன கரும்பு வண்டிகளின் சக்கரத்து இரும்புப் பட்டை மண்ணை அமுக்கி, சில்லை நொறுக்கி, கூர் முனைகளை மேலே தூக்கிவிட்டிருக்கிறது. திங்கட்கிழமை காலை ஆலைக்கு வந்த சைக்கிள்களில் பாதி அந்த இடத்தில் 'புஸ்' என்று உட்கார்ந்துவிட்டன. என்னுடையதும்தான். வளைவைத் தாண்டியதும் இருந்த ராசவேலு அண்ணன் பஞ்சர் கடையில் திருவிழாக் கூட்டம். அவர் தலைகால் புரியாமல், "எங் கல்யாணத்துக்குக்கூட இத்தினி பேரு வரலியே" என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தார். அந்தச் சந்தோஷம்தான் அவருக்கு வினையானது. சூளைப் பிரிவுக்காரர் ஒருத்தர் அவர் சட்டையைப் பிடித்துவிட்டார்.

"யோவ், யாவாரம் ஆவணும்னு நீதான சில்லக் கொட்டுன?"

எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. கட்டுப் போட்ட கையோடு பிலோமினா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனாள். "அண்ணே, அவரு சட்டைய வுடுங்க. கொட்டுனது நாங்க."

"பொம்பளைங்க ரோடு போட்டா இப்டித்தான் ஆவும்" என்று யாரோ பின்னாலிருந்து சொன்னார்கள். அவ்வளவுதான், ஒட்டிக்கொண்ட என் நாக்கு எங்கிருந்தோ கழன்று வந்தது. "இவ வாய்க்கால்ல வுழுந்தப்ப ஆம்பளைங்க யாரும் ரோடு போட வரலியே! பள்ளத்தப் பாத்துட்டு நீங்களா இருந்தா வேற எதக் கொட்டிருப்பீங்க? உங்க வூட்டு வாசல்ல என்ன கொட்டி வெச்சிருக்கீங்க?" சட்டையைப் பிடித்திருந்தவரே முதலில் சிரித்தார். "சில்லுதாம்மா" என்றார்.

அன்று சங்கு ஊதியதும் சில்லைப் பொறுக்கப் போனோம். காலையில் திட்டியவர்களே மண்வெட்டியோடு வந்தார்கள். கை முடியாததால் பிலோமினா டார்ச் பிடித்தாள். பொறுக்கியதை எல்லாம் வாய்க்கால் கரையோரம் போட்டுக்கொண்டே வந்தோம். திடீரென்று அவள், "ஏய், ஓரத்துல கெடக்கறத பாருடி! எவ்ளோ பளிச்சுன்னு தெரியுது!" என்றாள். நிமிர்ந்து பார்த்தேன். கும்மிருட்டில் ரோடு தெரியவில்லை, ரோட்டின் விளிம்பு மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது. ஓரம் காட்ட இதுவே போதும் என்று தோன்றியது. சில்லு வேண்டாம், குத்தும். ஆனால் மூளிக் கப்பில் கூர் கிடையாது, கவிழ்த்து வைத்தால் உருண்டையாக நிற்கும். மூளிக்கு என்னிடம் பஞ்சமா?

மறுநாள் சூப்பர்வைசரிடம் கேட்டேன். "தாராளமா எடுத்துக்க. நீ செஞ்சதா பாத்து எடு, ஆலைக்கு பாரம் கொறையும்" என்றார். பள்ளத்தைக் கப்பிக்கல்லும் செம்மண்ணும் போட்டு ஆண்கள் அடைத்தார்கள். நாங்கள் கரையோரம் தாழ்வாக ஒரு வரப்பு கட்டி, அதன்மேல் சுண்ணாம்புக் கலவையில் மூளிக் கப்புகளை வரிசையாகக் கவிழ்த்துப் பதித்தோம். ராசவேலு அண்ணன் கடையை மூடிவிட்டு வந்து சுண்ணாம்பு குழைத்தார்.

சனிக்கிழமை பொழுது சாய்ந்ததும் அப்பா, கேட்டை இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டு, ரயில்வே கைவிளக்கோடு வந்து வளைவில் நின்றார். யார் சொல்லியும் நம்புகிறவர் இல்லை. "எங் கண்ணு முன்னால ஓட்டு. மெதுவா ஓட்டு" என்றார். கைவிளக்கை அணைத்துவிட்டார்.

என் கெட்ட நேரம், நான் வளைவில் திரும்பவும் எதிரே கரும்பு வண்டி. மாட்டு மணி நெருங்குகிறது. வேகத்தைக் குறைத்தேன், டைனமோ மங்கியது. ஓரம் ஒதுங்க வேண்டும், பிலோமினா ஒதுங்கிய அதே ஓரம். ஆனால் கப்புகள் தெரிந்தன. ஒன்று தாண்டினால் அடுத்தது, அதைத் தாண்டினால் அடுத்தது. அவற்றுக்கு இந்தப் பக்கமே சக்கரத்தை வைத்துக்கொண்டு வந்தேன். வண்டி உரசாமல் போனது. கல் தேட நேரமில்லாமல் தொப்பென்று குதித்து இறங்கினேன்.

அப்பா குனிந்து ஒவ்வொரு கப்பாக அசைத்துப் பார்த்துக்கொண்டே போனார். "இது ஆடுது. இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு வையி" என்றார். அப்புறம் என்னைப் பார்க்காமல், "திங்கக்கெழமை காலைல எத்தினி மணிக்கு சங்கு?" என்று கேட்டார். சங்கு நேரம் அவருக்குத் தெரியாதா? ஊருக்கே தெரியும். நான் சைக்கிள் பாரின் மேல் தலையை வைத்துக்கொண்டு அழுதேன். அவ்வளவு சந்தோஷமாக அதற்கு முன்னால் அழுததில்லை.

அடுத்த வாரம் பார்த்தால் ரயில்வே கேட்டிலும் இரண்டு வரிசை மூளிக் கப்பு, தண்டவாளத்தைச் சாயாமல் நேராகக் கடக்க வழி காட்டிக்கொண்டு. இது யார் வேலை என்று மேலதிகாரி வந்து கேட்டதற்கு அப்பா, "பசங்க வெளையாட்டுக்கு வெச்சிருக்கானுங்கய்யா" என்று சொல்லியிருக்கிறார். வீட்டில் ராத்திரிச் செய்தி குறைந்துபோனது. "இன்னிக்கி யாருமில்ல" என்பார் அப்பா. அம்மாவுக்குத்தான் சாப்பாட்டு நேரம் சப்பென்று ஆகிவிட்டது.

இப்போது அந்த வளைவே இல்லை. நிமிர்த்தி, அகலமாக்கி, நடுவில் தடுப்புச் சுவர் வைத்துவிட்டார்கள். கேட் இருந்த இடத்தில் பாலம். அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. சங்கு ஊதி ரோட்டை நிறைத்த அந்தச் சைக்கிள் கூட்டம் எப்போது கலைந்தது என்றே யாருக்கும் தெரியாது. பிலோமினா புதுச்சேரியில் இருக்கிறாள், போனில் பேசினால் இன்னும் 'அடியே'தான்.

காலையில் நடக்கப் போகும்போது பள்ளிக்கூடப் பெண்கள் சைக்கிளில் வரிசையாக வருவார்கள். இப்போது லாரியும் பஸ்ஸும் பறக்கிற பறப்பில் எனக்கே நெஞ்சு திக்கென்கிறது, அப்பாவின் பயம் எனக்கு வந்துவிட்டது போல. நேற்று ஒருத்தி செயின் கழன்று நின்றாள். மாட்டிக்கொண்டிருந்தவளிடம் கேட்டேன்: "ஏம்மா, இந்த ரோட்டுல சைக்கிள்ல போறியே, உங்கப்பா வுட்டாரா?"

அவள் கையிலிருந்த கிரீஸைப் புல்லில் துடைத்துக்கொண்டே நிமிர்ந்தாள். "எதை வுட்டாரா, ஆயா?"

திரும்பவும் கேட்டேன். அப்போதும் அவளுக்கு என் கேள்வி புரியவில்லை. ஸ்கூலுக்கு நேரமாகிறது, போயிட்டு வரேன் என்று ஏறி மிதித்துக்கொண்டு போய்விட்டாள்.