பொய் இன்பாக்ஸ்

எஸ்எம்எஸ் சத்தம் கேட்டாலே ஓடிப்போய்ப் பார்க்கிற காலம் அது. தாம்பரம் சானடோரியத்தில் ஒரு சின்ன மென்பொருள் அலுவலகத்தில் நான் டெஸ்டர். ஆஸ்பத்திரி ஒன்றுக்கு ஆள் எடுக்கும் வெப்சைட் செய்துகொண்டிருந்தோம். இண்டர்வியூவுக்கு அழைக்கும் மெயிலும் எஸ்எம்எஸ்ஸும் ஒழுங்காகப் போகிறதா என்று பார்ப்பது என் வேலை. சோதனைக்கு அனுப்புவது யாருக்கும் நிஜமாகப் போய்விடக் கூடாதே, அதற்காக ஒரு பொய் இன்பாக்ஸ் வைத்திருந்தோம். எந்த முகவரிக்கு, எந்த எண்ணுக்கு அனுப்பினாலும் வழியிலேயே பிடித்துவைத்துக்கொள்ளும். அனுப்பிய கம்ப்யூட்டரோ போய்ச் சேர்ந்துவிட்டது என்று சாதிக்கும். இல்லாத ஆட்களுக்கெல்லாம் வேலை கொடுப்பதில் எனக்கு ஓர் அற்ப சந்தோஷம்.

சைட்டைத் திறந்தது ஒரு வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகு காலம் என்று மேனேஜர் அவசர அவசரமாகத் திறந்துவைத்தார். பொய் இன்பாக்ஸைக் கழற்றிவிடுவது மட்டும் பாக்கி. "பன்னெண்டுக்கு மேல நானே மாத்திடறேன்" என்றார். பன்னிரண்டுக்கு ஸ்வீட் வந்தது. மனிதர் மறந்தே போனார். அன்று மாலையே ஆஸ்பத்திரிக்காரர்கள் அழைப்புகளை அனுப்பிவிட்டார்கள்.

திங்கள் காலை அந்த இன்பாக்ஸைத் திறந்த எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நாங்கள் போட்டுவைத்த பொய்ப் பெயர்களுக்கு நடுவே நிஜ மனிதர்கள். முதலில் இருந்தவள் முடிச்சூரில் ஒரு நர்ஸ். அன்றைக்கே பதினோரு மணிக்கு இண்டர்வியூ. அப்போது மணி பத்து. மேனேஜர் வந்து அனுமதி தரட்டும் என்று உட்கார்ந்திருக்க எனக்குப் பொறுமை இல்லை. போனை எடுத்தேன்.

"இன்னாக்கா சொல்றீங்க? வெள்ளிக்கிழமையே அனுப்பிட்டாங்களா? போனையே பாத்துகினு கீறேங்க்கா. நமக்கெல்லாம் எங்க குடுக்கப் போறாங்கன்னு நேத்து அழுதுட்டேன்."

எனக்கு மேனேஜர் மேல் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. தப்பு எங்களுடையது, உடனே ஆட்டோ பிடித்துத் தாம்பரத்தில் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள் என்றேன். எங்களுக்கு அது ஒரு செட்டிங். அவளோ இரண்டு நாளாகத் தன்னிடம்தான் ஏதோ குறை என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"தோ, கெளம்பிட்டேன்" என்றவள் போனை வைக்கவில்லை. "என்ன மாதிரி இன்னும் யாராச்சும் மாட்டிக்கினு கீறாங்களா? அவங்களுக்கும் சொல்லிடுங்கக்கா."

அடுத்ததைத் திறந்தேன். செம்பாக்கத்துப் பெண். அவளை வரச் சொல்லியிருந்தது முந்தாநாள், சனிக்கிழமை.

என்ன சொல்வதென்று தெரியாமலே எண்ணை அழுத்தினேன். முதல் ரிங்கிலேயே எடுத்துவிட்டாள்.