ஹில்க்கா வாங்கும் ஈரல்

ஈரலை விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, "இது கெழட்டு மானு. வேற குடு" என்கிறாள் ஹில்க்கா. ஊலு நகரச் சந்தையில் கலைமான் இறைச்சி விற்பவர் முணுமுணுக்காமல் மாற்றிக் கொடுக்கிறார். வறுத்துத் தின்பதற்கென்றால் இத்தனை கெடுபிடி இருக்காது. இது மூளை அறுவை மருத்துவர்களுக்குப் பரீட்சை வைக்க வாங்கும் ஈரல்.

எங்கள் மருத்துவமனையில் மூளைக்கட்டியைக் கரைத்தெடுக்கப் பேனா போல ஒரு கருவி உண்டு. அதன் முனை காதுக்கு எட்டாத வேகத்தில் அதிர்ந்து, மெத்தென்ற சதையைக் கூழாக்கி, தானே உறிஞ்சிக்கொள்ளும். அளவோடு வைத்தால் இரத்தக் குழாயை விட்டுவைக்கும். அளவு மீறினால் யாரையும் பார்க்காது. அந்த அளவைக் கூட்டிக் குறைக்கும் பெட்டியின் பக்கத்தில் முப்பத்தொரு வருடமாக நிற்கும் செவிலி ஹில்க்கா. பெட்டி மூன்று முறை மாறிவிட்டது. அவளுடைய மரச்செருப்பு மாறவில்லை.

புதிய மருத்துவர் யார் வந்தாலும் பயிற்சி அறையில் உட்காரவைத்து, பழைய பேனாவைக் கையில் கொடுப்பாள். ஈரல் கரைய வேண்டும். உள்ளே ஓடும் குழாய்கள் அறுபடாமல் நிற்க வேண்டும். ஒன்று அறுந்தாலும், "பரவால்ல, கைராசி இருக்கு. கசாப்புக் கடையில ஆள் கேட்டாங்க" என்பாள்.

இந்தப் பரீட்சையை எழுதாத ஒரே ஆள் பேராசிரியர் இல்மரி. மூன்று விருது, இரண்டு புத்தகம், நடைபாதையில் ஒரு பெரிய புகைப்படம். இவ்வளவும் உள்ளவரிடம் போய் ஈரலை நீட்ட முடியுமா?

போன வாரம் மேசையில் படுத்திருந்தவர் வேய்க்கோ. பனி ஹாக்கி அரங்கத்தில் ஆட்டத்தை அறிவிப்பவர், வாய்தான் பிழைப்பு. கட்டி, பேச்சு பிறக்கும் இடத்தை ஒட்டி இருந்தது. ஆகவே அவரை விழித்திருக்கவைத்து, பேசவிட்டுக்கொண்டே வேலை நடந்தது. மயக்கமருந்துச் செவிலியான நான் அவர் கையைப் பிடித்தபடி அவர் வர்ணித்த பழைய ஆட்டம் ஒன்றைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"ஹில்க்கா, கூட்டு. தொண்ணூறு வை" என்றார் இல்மரி. "கட்டி கல்லு மாதிரி இருக்கு."

"அறுபது போதும் இல்மரி. கல்லுக்குப் பக்கத்துல ஒரு வாயாடி இருக்காரு."

"இங்க ஆபரேஷன் பண்றது யாரு?"

"நீதான். அதுலதான் எனக்குக் கவலை."

ஆனாலும் வைத்தாள். "தொண்ணூறு" என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னாள், அது அறையின் விதிமுறை. விரலை மட்டும் பொத்தானிலிருந்து எடுக்கவில்லை.

"ஒன்பதாம் நம்பர் வர்றாரு," என்றார் வேய்க்கோ. "ஒருத்தரைத் தாண்டிட்டாரு, அடிச்சிட்டாரு, அது... அது..."

சொல் வரவில்லை. நான் வாய் திறக்கும் முன்பே பெட்டி அணைந்திருந்தது. இல்மரியின் கால் மட்டும் பேனாவை இயக்கும் மிதியை இன்னும் அழுத்திக்கொண்டிருந்தது. வேய்க்கோவின் உதடுகள் அசைந்தன, ஒலி இல்லை. ஒரு நிமிடம் ஓடியது.

"கோல்," என்றார் வேய்க்கோ. "கோல். ஏன் எல்லாரும் கம்முனு இருக்கீங்க? நம்ம பசங்கதான் போட்டாங்க."

மிச்ச வேலை நாற்பதில் நடந்தது. இரண்டு மணி நேரம் கூடுதலாயிற்று. குழாயோடு ஒட்டிய ஒரு துணுக்கை இல்மரி தொடாமலே விட்டார். அளவைப் பற்றி அவர் அதன் பிறகு பேசவில்லை.

ஆனால் மறுநாளே அவருக்குப் பேச்சு திரும்பிவிட்டது. பயிற்சி அறையில் பரீட்சைக்காக ஒரு புது மருத்துவர் தட்டின் முன் உட்கார்ந்திருந்தாள். அங்கே காபிக் கோப்பையோடு வந்து அமர்ந்த இல்மரி, அவளுக்கு விளக்கினார்: "முக்கியமான நேரத்துல மெஷின் தானா நின்னுபோச்சு. நான்தான் பதறாம சமாளிச்சேன்."

ஹில்க்கா அந்தப் பெண்ணின் முன்னாலிருந்த ஈரல் தட்டை இழுத்தாள். இல்மரியின் காபியை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, அந்த இடத்தில் தட்டை வைத்தாள்.