வல்லை வெளியில் இரண்டு ஓட்டம்

காலை ஆறு மணிக்கு நானும் என் தகப்பனார் அப்புவும் பண்டத்தரிப்பிலிருந்து புறப்பட்டோம். 1969ஆம் ஆண்டு, ஆவணி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. வல்லை வெளி எங்கள் வீட்டிலிருந்து ஏறக்குறையப் பதினைந்து மைல். சுன்னாகம், புத்தூர், ஆவரங்கால் என்று போகும் அந்தத் தெருவில் எங்கள் கார் போனால் கடைக்காரர்கள் வெளியே வந்து பார்ப்பார்கள். கூரை இல்லாத, இரண்டே இருக்கையுள்ள பச்சை எம்.ஜி. தோட்டத்துத் துரை ஒருவர் சீமைக்குத் திரும்பும்போது விட்டுப்போனது. கண்டியில் எழுதுவினைஞனாக இருக்கும் நான் அதைக் கண்டு ஆசைப்பட்டேன். அப்பு மாட்டுவண்டிச் சவாரிப் போட்டிகளில் ஓடிய தம்முடைய மாடுகள் இரண்டையும் விற்று அதை வாங்கித் தந்தார். "வீட்டிலை ஒரு சவாரி போதும்," என்று மட்டும் சொன்னார்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் முடித்தவன் நான் ஒருவன்தான். ஆகவே, நான் ஒன்றைச் சரி என்று சொன்னால் அப்பு கேள்வி கேட்பதில்லை. ஆனால் அன்று வழி முழுவதும் கேட்டுக்கொண்டே வந்தார். சோளகக் காற்று முகத்தில் அடித்ததால் இருவரும் கத்தித்தான் கதைத்தோம்.

"எத்தினை சோடி ஓடுது?"

"சோடி இல்லையப்பு. பன்ரண்டு கார். ஒவ்வொண்டாத் தனிய ஓடும்."

"தனியவோ? அப்ப ஆரை வெல்லுறது?"

"மணிக்கூட்டை."

அப்பு சிரித்த சிரிப்பில் வெற்றிலை என் சட்டையில் தெறித்தது. "மணிக்கூட்டை வெண்டு என்னடா மோனை செய்யிறது? தோத்தவன்ரை மூஞ்சையைப் பாக்க ஏலாதே!"

புத்தூர்ச் சந்தியில் நிறுத்திப் பிளேன்ரீ குடித்தோம். இருவருக்குமாக இருபது சதம். அங்கே அப்பு இன்னொன்றும் சொன்னார்.

"சின்னத்தம்பியன்ரை லொறியிலை எங்கடை ஆக்கள் முப்பது பேர் வருகினம். கடைசியிலை ஓட ஆள் வேணும்தானே."

பகிடி என்று நினைத்து நானும் சிரித்தேன்.

இந்த விளையாட்டை அறியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஓட்டோகுறொஸ் என்று பெயர். ஒரு வெளியில் கொடி கட்டிய மூங்கில் தடிகளை நட்டு, வளைந்து வளைந்து போகும் பாதை ஒன்றை அமைப்பார்கள். காருக்கு இரண்டு ஓட்டம். இரண்டில் குறைந்த நேரம் கணக்கு. ஒரு தடியைத் தட்டினால் ஐந்து விநாடி கூட்டுவார்கள். இதில் இறங்கப் புதுக் கார் வேண்டியதில்லை. முன்கண்ணாடியை மடித்து வைத்து, உபரிச் சில்லையும் அதை மாற்றக் காரைத் தூக்கும் ஜக்கையும் இறக்கி, ரயர்க் காற்றைச் சற்றுக் குறைத்து, தலைக்கு ஒரு ஹெல்மெற் இரவல் வாங்கினால் போதும். எல்லாவற்றுக்கும் முன்னதாகப் பாதையை நடந்து பார்க்க வேண்டும். நான் மூன்று முறை நடந்தேன்.

கொழும்பிலிருந்து ஒரு சங்கத்தார் முதன்முதலாக வடக்கே வந்து நடத்திய போட்டி அது. முதல் மூன்று இடத்துக்கு வருகிறவர்களின் கார்களைத் தங்கள் செலவில் ரயிலேற்றித் தெற்கே கொண்டுபோய், அங்கத்தைய ஓட்டக்காரரோடு சேர்ப்பதாக அறிவித்திருந்தார்கள். என் சம்பளத்தில் அது வேறு எந்த வழியிலும் நடவாது. அந்த மூன்றில் ஒன்று எனக்கு வேண்டியிருந்தது. வெறுமையாகக் கிடக்கும் எங்கள் மாட்டுக்கொட்டிலைப் பார்த்தவர்களுக்கு ஏன் என்று விளங்கும்.

ஏழரைக்கு வல்லையை அடைந்தோம். இடையிலே ரயருக்குக் காற்றடிக்கவும் நின்றதால் அவ்வளவு நேரம். மரமில்லாத வெளி. உப்புப் பூத்த சாம்பல் நிற மண், அங்கங்கே கருகிய புல், அப்பால் கடல்நீரேரி. அங்கிருந்த கோயிலடியில் அப்பு ஒரு தேங்காய் உடைத்தார். வெளியின் மேற்கோரத்தில் பாதை. அதைச் சுற்றிக் கயிறு. கயிற்றுக்கு வெளியே நெல்லியடிப் பக்கத்துச் சனம் சைக்கிளோடு நின்றது. ஒலிபெருக்கியில் ஆங்கிலத்தில் ஏதேதோ அறிவித்தார்கள். பிறகு அதையே ஒருவர் தமிழில், வானொலிச் செய்தி வாசிப்பதுபோல, "பார்வையாளர்கள் எல்லையைக் கடத்தல் ஆகாது," என்றார். சனம் கச்சான் கடலை உடைத்துக்கொண்டிருந்தது.

பத்து மணிக்கு என் முதல் ஓட்டம். நான் சவாரித் திடலைப் பார்த்து வளர்ந்தவன். சவாரியில் வளைவு கிடையாது, நேரே விடுவதுதான். கொடி விழுந்ததும் என் காலும் அப்படியே அழுத்தியது. முதல் வளைவில் காரின் பின்பக்கம் சறுக்கிக்கொண்டு போய் ஒரு தடியைச் சாய்த்தது. நான்காம் வளைவில் இன்னொன்று. பத்து விநாடி கூடியது. பதினோராம் இடம்.

கார்களை நிறுத்தும் இடத்தில் அரியாலைப் பெடியன் ஒருவன் தன் மொறிஸ் மைனர் காரின் முன்மூடியில் குந்தியிருந்தான். "அண்ணை, நேர் பாதையிலை வெல்லேலாது," என்றான். "வளைவுக்கு முதலே வேகத்தை இறக்கிப்போட்டு, வெளியிலை வரேக்கை குடுங்கோ." அவன் என்னை விட இரண்டு இடம் மேலே நின்றவன். அதைச் சொல்ல வேண்டிய தேவை அவனுக்கு இல்லை.

மதியத்துக்குப் பின் இரண்டாம் ஓட்டம். வாழ்நாளில் நான் நன்றாகச் செய்த காரியம் ஒன்று உண்டென்றால் அந்த அரை மைல்தான். வளைவுக்கு முன்னே வேகத்தை விட்டேன். கார் தானாகத் திரும்பியது. தடிகள் முழங்கை அகலத்தில் ஒவ்வொன்றாக விலகிப் போயின. ஒன்றும் விழவில்லை. பாதி வழியில் ஒலிபெருக்கி என் பெயரைச் சொல்லி, இதுவரை ஓடியவர்களுள் பாதி வழிக்கு இதுவே விரைவான நேரம் என்றது. கடைசி வளைவையும் கடந்தேன். முடிவுக் கொடிகள் நேரே தெரிந்தன. நூறு யார் தூரம் இருக்கும்.

அப்போதுதான் கயிறு அறுந்தது.

சவாரியில் தம்மூர் மாடு முந்தி வந்தால், கடைசித் துண்டுக்கு ஊரார் உள்ளே பாய்ந்து கூடவே ஓடுவார்கள். அது மரியாதை. ஓடாமல் நிற்பவன் அந்த ஊரவன் அல்ல. எங்கள் ஆட்கள் முப்பது பேரும் இரு பக்கமும் பாய்ந்து வந்தார்கள். நான் வேகத்தைக் குறைக்க வேண்டியதாயிற்று. எல்லாருக்கும் முன்னே அப்பு. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பாதையில் நட்டிருந்த கொடித்தடி ஒன்றைப் பிடுங்கி, காரின் பின்பக்கத்தில் அடித்துக்கொண்டே ஓடிவந்தார். "விடாதை மோனை! விடாதை!"

சின்னத்தம்பி அண்ணை சால்வையைச் சுழற்றியபடி முன்சில்லுக்கு நேரே இடறி விழுந்தார். பிறேக்கை முழுதாக மிதித்தேன். கார் சறுக்கித் திரும்பி, எஞ்சின் நின்று, புழுதிக்குள் அமைந்தது. சில்லுக்கும் அவர் தலைக்கும் இடையில் ஒரு கை நீளம்.

கார் களைத்துவிட்டது என்று நினைத்தார்கள் போலும். விழுந்தவர் எழும்பி, எல்லாருமாகச் சேர்ந்து, என்னையும் காரையும் கையால் தள்ளிக்கொண்டுபோய் முடிவுக் கோட்டைத் தாண்ட வைத்துவிட்டு, ஆரவாரம் செய்தார்கள். அப்பு என் ஹெல்மெற்றில் முத்தமிட்டார்.

தலைமை நடுவர் கொழும்புக்காரர். வயதானவர். என்னைத் தனியே அழைத்து, குரலை உயர்த்தாமல் ஆங்கிலத்தில் சொன்னார். வெளியாள் கை பட்ட ஓட்டம் செல்லாது. மீதிக் கார்கள் ஓடமாட்டா. போட்டி இத்தோடு முடிந்தது. முதல் ஓட்டத்து நேரங்களே முடிவு. இந்த மண்ணுக்குச் சங்கம் இனி வராது. ஒரு மனிதன் செத்திருப்பான், தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றேன். அவர் சொன்னது அவ்வளவும் சரி.

அரியாலைப் பெடியனுக்கு இரண்டாம் ஓட்டம் கிடைக்கவேயில்லை. சாமான்களை ஏற்றிக்கொண்டிருந்தான்.

"உங்கடை ஆக்களோ?"

"ஓம்."

"நல்ல ஆக்கள்," என்று சொல்லிவிட்டு காரின் பின்மூடியை அடித்துச் சாத்தினான்.

மூன்று மணிக்குத் திரும்பினோம். ஊரார் லொறியில் பாடிக்கொண்டு எங்களை முந்திப் போனார்கள். அப்பு காலையில் கேட்டதை விட அதிகமாகக் கதைத்தார். தெற்கே எப்போது போவது, ரயிலில் காரை எப்படிக் கட்டுவார்கள், தாமும் வரலாமோ என்று. ஆவரங்கால் தாண்டும்வரை பொறுத்தேன். பிறகு காரை ஓரங்கட்டி நிறுத்தினேன்.

"நாங்கள் வெல்லேல்லையப்பு."

"என்ன கதை இது? எல்லாரையும் விடக் கெதியா வந்தாய் எண்டு அவனே சொன்னவன்."

"ஆக்கள் உள்ளை வந்தால் கணக்கில்லை. காரிலை கை பட்டாலும் கணக்கில்லை."

அப்பு வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பினார். ஒரு சீ.ரி.பி. பஸ் கடந்து போயிற்று.

"அப்ப நான் கயித்துக்கு அங்காலை நிண்டிருந்தா, நீ வெண்டிருப்பாய்?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். "ஓம்," என்றேன்.

"எடு காரை," என்றார்.

வீட்டு வாசலில் லொறி நின்றது. சீனவெடி கொளுத்தினார்கள். காருக்கு ஒரு மாலை, எனக்கு ஒன்று, அப்புவுக்கு ஒன்று. அப்பு தம் மாலையைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"சின்னத்தம்பி, நிப்பாட்டச் சொல்லு. பெடியன் வெல்லேல்லை. நாங்கள்தான் குழப்பினனாங்கள். நான்தான் குழப்பினனான்."

சின்னத்தம்பி அண்ணை விழுந்து விழுந்து சிரித்தார். "அண்ணை பகிடி விடுறார்! நாங்கள் தள்ளிக்கொண்டு போய்க் கோட்டிலை விட்டனாங்கள், வெல்லேல்லையாம்!"

"உண்மையாத்தான்டா சொல்லுறன்."

"கண்ணூறு படுமெண்டு பயப்பிடுறார்," என்றார் இன்னொருவர்.

அப்பு மூன்றாம் தரமும் சொன்னார். அவர் சொல்லச் சொல்லச் சிரிப்புக் கூடியது. அடுத்த கட்டு வெடியைக் கொளுத்தினார்கள். அந்தச் சத்தத்தில் அவர் வாய் அசைந்ததுதான் எனக்குத் தெரிந்தது.

மறுநாள் திங்கட்கிழமை. கண்டிக்குத் திரும்ப இரவுத் தபால் ரயிலைப் பிடிக்க, பின்னேரம் நாலு மணி பஸ்ஸில் யாழ்ப்பாணம் போக வேண்டும். காரை மாட்டுக்கொட்டிலில் விட்டு ஓலையால் மூடினேன். வீட்டில் வேறு யாருக்கும் அதை ஓட்டத் தெரியாது. கண்டிப் பக்கத்தில் இந்தப் போட்டியை நான் ஒருமுறை பார்த்திருக்கிறேன். அங்கே சனம் குடையைப் பிடித்துக்கொண்டு கயிற்றுக்கு அப்பால் நின்று கைதட்டும். ஓட்டக்காரன் தனியே வருவான், தனியே போவான். அந்த ஒழுங்கின் மேல்தான் நான் ஆசைப்பட்டேன். இப்போது காரை அங்கே கொண்டுபோய் ஓட எனக்கு வழியில்லை. இங்கே இனிப் போட்டியும் இல்லை. எங்கள் ஊரார் அடுத்த வருடத்துக்கு இரண்டு லொறி பேசுகிறார்கள்.

அப்பு பெட்டியைத் தூக்கிக்கொண்டு சந்திவரை வந்தார். "போயிட்டு வாறன்" என்றேன். "ஓம் மோனை" என்றார். நான் ஏறி யன்னலோரம் இருந்தேன். பஸ் புறப்பட்டது. அப்பு என் யன்னலைப் பார்த்தபடி பஸ்ஸின் கூடவே விரைவாக ஓரடி எடுத்து வைத்தார். பிறகு ஏதோ நினைவு வந்தவராக, அந்த இடத்திலேயே நின்றுவிட்டார்.